வாப்பா, உம்மா கையில் காகிதமா, போனில் இருப்பதே போதுமா?

கேள்வி இதுதான்: கீழக்கரையிலிருந்து வாப்பாவும் உம்மாவும் முதல்முறையாக விமானம் ஏறுகிறார்கள். திருச்சியிலிருந்து ஷார்ஜா, விசிட் விசா. மகன் அங்கிருந்தே வெப் செக்கின் முடித்து, இரண்டு பேருடைய போர்டிங் பாஸையும் வாப்பாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டார். "இதைக் காட்டினால் போதுமா, காகிதம் வேணுமா? ஜெராக்ஸ் கடையில் எடுத்த பிரிண்ட் செல்லுமா?"

தம்பி, காகிதமே வாங்கச் சொல்லுங்கள். ஜெராக்ஸ் கடை பிரிண்ட் வேண்டாம், திருச்சி கவுன்டரில் கொடுக்கிற அட்டையை. இருவருக்கும் தனித்தனியாக, அவரவர் கையில். நீங்கள் அனுப்பியது வீண் இல்லை, சீட் உறுதியானதோடு அதன் வேலை முடிந்தது.

போன் செல்லாது என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். செல்லும். ராமநாதபுரத்தில் டிக்கெட் போட்டுக் கொடுப்பதே என் பிழைப்பு. இந்தக் கேள்வியை வயதானவர்களை அனுப்புகிற பிள்ளைகள் எல்லோரும் கேட்கிறார்கள். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: பாஸில் யார் பெயர் இருக்கிறதோ, அவர் தனியாக நிற்கும்போது அதை எடுத்துக் காட்ட முடியுமா? முடிந்தால் போன் போதும். முடியாதென்றால் காகிதம். உங்கள் உம்மாவிடம் போனே இல்லை என்கிறீர்கள். அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது?

அவர்கள் எங்கெங்கே தனியாக நிற்க நேரிடும் என்று உங்களுக்கே தெரியும். ஆனாலும் துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் போய்வந்து பழகியவர்களுக்கு இது மறந்துபோகிறது. நம் நாட்டு விமான நிலையங்களில் பாதுகாப்புச் சோதனையில் பெண்களுக்குத் தனி வரிசை, திரை போட்ட தனித் தடுப்பு. வாப்பா ஒரு பக்கம், உம்மா ஒரு பக்கம். அப்போது போன் எங்கே இருக்கும்? தட்டில் வைத்து எக்ஸ்ரே எந்திரத்துக்குள் போய்க்கொண்டிருக்கும். பணியில் இருக்கும் அம்மா பாஸைக் கேட்டால், உம்மா திரும்பித் திரும்பி வாப்பாவைத் தேடுவார். வாப்பா அந்நேரம் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு நிற்பார். ஒரு துண்டு அட்டை கையில் இருந்தால் இந்தத் தவிப்பே இல்லை. எத்தனை பேர் பாஸ் வேண்டுமானாலும் ஒரே போனில் இருக்கலாம். அந்த ஒரு போன் ஒரே நேரத்தில் இரண்டு வரிசையில் நிற்காது.

உம்ரா கூட்டத்தோடு போகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். கூட்டிப்போகிறவர் எல்லார் பாஸையும் தன் போனில் வைத்துக்கொண்டு முன்னே நடந்துவிடுவார். பின்னால் வருகிற வயதானவர்களிடம் யாரும் கேட்டால் சொல்லவும் தெரியாது, காட்டவும் எதுவும் இருக்காது.

இனி கவுன்டர் ஏன் என்பதற்கு வருகிறேன். சென்னையிலிருந்து டெல்லிக்குக் கைப்பையோடு போகிறவருக்கு வெப் செக்கின் முடித்த கையோடு எல்லாம் முடிந்தது. நேராகப் பாதுகாப்புச் சோதனைக்குப் போகலாம். வெளிநாட்டுக்கு அப்படி இல்லை. பாஸ்போர்ட், விசா, திரும்பி வரும் டிக்கெட் ஆகியவற்றை விமான நிறுவனம் பார்த்தாக வேண்டும். சரியான ஆவணம் இல்லாதவரை ஏற்றிப்போனால் அபராதமும் அவர்களுக்கு, திருப்பிக் கொண்டுவரும் செலவும் அவர்களுக்கு. அதனால்தான் ஆன்லைனில் செக்கின் முடித்தாலும் பல நேரம் "ஆவணங்களைக் கவுன்டரில் காட்டவும்" என்று ஒரு வரி வரும். சில சமயம் பாஸே வராமல் உறுதிச்சீட்டு மட்டும் வரும். நீங்கள் அனுப்பியது எது என்று ஒருமுறை திறந்து பாருங்கள். சதுரமாகவோ நீளமாகவோ புள்ளிக்கோடு, அதாவது பார்கோடு, இருந்தால் பாஸ். இல்லையென்றால் அது வெறும் உறுதிச்சீட்டு. அதைக் காட்டி உள்ளே போக முடியாது. எப்படியும் லக்கேஜ் போட, விசா காட்ட அந்தக் கவுன்டரில் நின்றே ஆகவேண்டும். நிற்கும்போது "ரெண்டு பேருக்கும் அட்டை கொடுங்க" என்று கேட்பதில் ஒரு நிமிஷம்கூட ஆகாது.

இதற்குக் காசு கேட்பார்களா என்று சிலருக்குச் சந்தேகம். கொரோனா காலத்தில், 2020 மே மாதம் உள்நாட்டு விமானங்கள் மறுபடி ஓடத் தொடங்கியபோது வெப் செக்கினைக் கட்டாயமாக்கினார்கள். அந்தப் பழக்கம் அப்படியே நிலைத்து, கவுன்டரில் பாஸ் கேட்டால் 200 ரூபாய் என்று சில நிறுவனங்கள் வசூலித்தன. 2022 ஜூலையில் விமானப் போக்குவரத்து அமைச்சகம், அப்படித் தனியாகக் காசு வாங்குவது விதிகளுக்கு ஒத்ததில்லை என்று சொல்லி நிறுத்தச் சொன்னது. ஆகவே நம் ஊர் கவுன்டரில் தயங்காமல் கேட்கலாம். ஐரோப்பாவில் கதை வேறு. ரயன்ஏர் 2025 நவம்பர் 12 முதல் மொபைல் பாஸ் மட்டும்தான் என்று ஆக்கிவிட்டது. துபாயில் எமிரேட்ஸும் 2023 மே 15 முதல் மூன்றாம் முனையத்தில் புறப்படுகிறவர்களுக்குப் பெரும்பாலும் போனிலேயே பாஸ் கொடுக்கிறது. குழந்தைகள், உதவி தேவைப்படுகிறவர்கள், அமெரிக்கா போகிறவர்கள் மாதிரிச் சிலருக்குத்தான் காகிதம். உங்கள் பெற்றோர் வருவது ஷார்ஜா என்பதால் இது பொருந்தாது. திரும்பும்போது துபாய் வழியாக அனுப்ப நினைத்தால் ஞாபகம் வையுங்கள்.

அந்தப் புள்ளிக்கோட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். காகித அட்டையில் நீளவாட்டில் இருப்பது பிடிஎஃப்417 என்கிற வகை. போனில் வருவது க்யூஆர், ஆஸ்டெக் போன்ற சதுர வகை. உள்ளே எழுதியிருப்பது இரண்டிலும் ஒன்றே. உலக விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா வகுத்த ஒரே அமைப்பு. அதற்கு முன்பு அட்டையின் பின்னால் காந்தப் பட்டை இருந்தது. 2010 முடிவோடு அதை விட்டு எல்லாரும் புள்ளிக்கோட்டுக்கு வந்தார்கள். பெயர், பிஎன்ஆர் என்கிற முன்பதிவு எண், எங்கிருந்து எங்கே, விமான எண், தேதி, வகுப்பு, சீட், நீங்கள் செக்கின் செய்த வரிசை எண். அவ்வளவுதான் அடிப்படை. தேதிகூட நாம் எழுதுகிற மாதிரி இராது. ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதாக மூன்று இலக்கத்தில் இருக்கும். பிப்ரவரி 10 என்றால் 041.

இதில் நம் பக்கத்து ஆட்களைக் கலங்கடிப்பது பெயர். அந்தப் புள்ளிக்கோட்டில் பெயருக்கு ஒதுக்கியிருப்பது 20 எழுத்து, நடுவில் வரும் சாய்கோட்டையும் சேர்த்து. ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள்: செய்யது முகம்மது இபுறாஹீம் மாதிரி ஒரு பெயர் 20 எழுத்துக்குள் எப்படி அடங்கும்? வால் அறுந்துதான் நிற்கும். அதோடு 'மிஸ்டர்', 'மிஸஸ்' என்பதற்கான எழுத்துகள் பெயரின் கடைசியில் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொள்ளும். சிலர் இதைப் பார்த்துவிட்டு ராத்திரி பதினோரு மணிக்குப் போன் போட்டு, "பேர் தப்பா வந்திருக்கே, இறக்கிவிட்டுருவாங்களா?" என்பார்கள். இறக்கிவிட மாட்டார்கள். அச்சில் வால் அறுபடுவது அவர்களுக்குத் தினம் பார்க்கிற சங்கதி. டிக்கெட்டில் இருக்கும் பெயர் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகிறதா என்பதுதான் கணக்கு.

பெயரில் உண்மையாகவே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நீங்கள் கேட்கவில்லை; ஆனால் விசிட் விசா என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2022 நவம்பரில் அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட், சுற்றுலா விசாக்களில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. சில நாளில், பாஸ்போர்ட்டின் மறுபக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று தளர்த்தியது. நம் கரையோரத்தில் வயதானவர்கள், முக்கியமாகப் பெண்கள், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயரோடு இருப்பது சாதாரணம். உம்மாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், டிக்கெட் எடுத்த இடத்தில் இன்றைக்கே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். காகிதமா போனா என்பதைவிட இது பெரிய விஷயம்.

அட்டை தொலைந்துவிட்டால்? மறுபடி கவுன்டரிலோ கேட்டிலோ கேட்டால் இன்னொன்று எடுத்துத் தருவார்கள். 2024 ஜூலை 19 அன்று க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனத்தின் மென்பொருள் கோளாறால் உலகம் முழுக்கக் கணினிகள் நீலத் திரையாகிப் படுத்தபோது, இந்தியாவில் பேனாவால் எழுதிய போர்டிங் பாஸைப் பயணிகளுக்குக் கொடுத்தார்கள். அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றியது. கையால் எழுதிய சீட்டோடும் விமானம் கிளம்பியது. பட்டியலில் பெயர் ஏறியிருப்பதுதான் ஆளை ஏற்றுகிறது. இதை வாப்பாவிடம் சொல்லி வையுங்கள். அட்டையைத் தொலைத்துவிட்டால் பதறிப்போய் அழாமல் சீருடையில் இருக்கிற யாரிடமாவது போய்ச் சொல்வார்.

ஜெராக்ஸ் கடை பிரிண்ட் பற்றிக் கேட்டீர்கள். உள்நாட்டுப் பயணத்துக்கு ஏ4 தாளில் எடுத்த பிரிண்ட் முழுக்கச் செல்லும். புள்ளிக்கோட்டின் நடுவே மடிக்காதீர்கள், மை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள், அவ்வளவுதான். இங்க்ஜெட்டில் எடுத்த தாளைச் சட்டைப்பையில் வைத்து நம் ஊர் வேர்வையில் நனையவிட்டால் மை பரவும். லேசர் பிரிண்ட் பரவாயில்லை. வெளிநாட்டுக்கு அந்தத் தாளைக் கையில் வைத்திருந்தாலும் கவுன்டரில் அட்டை மாறிவிடும் என்பதால் வீண் செலவு. அந்தக் காசுக்கு விசாவையும் திரும்பும் டிக்கெட்டையும் பிரிண்ட் எடுத்து வையுங்கள். டெர்மினல் வாசலில் சிஐஎஸ்எஃப் வீரர் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் கேட்பார். அங்கே தாளை நீட்டுவது அவர்களுக்குச் சுலபம்.

இவ்வளவும் வாப்பா உம்மாவுக்கு. உங்களுக்கு, உங்கள் வயதுக்காரர்களுக்கு, நான் போனையே சொல்வேன். உள்நாட்டில் லக்கேஜ் போடாமல் போனால் கவுன்டர் பக்கமே திரும்ப வேண்டாம். நிறுவனத்தின் செயலியில் இருக்கும் பாஸ், கேட் மாறினாலும் நேரம் தள்ளினாலும் தகவல் சொல்லும்; அட்டையில் அச்சடித்த கேட் எண் அப்படியே அச்சடித்தபடி நிற்கும். சென்னை போன்ற இடங்களில் டிஜியாத்ரா இருக்கிறது. 2022 டிசம்பர் 1 அன்று டெல்லி, பெங்களூரு, வாரணாசியில் தொடங்கியது. ஆதாரோடு முகத்தை இணைத்து, பாஸைச் செயலியில் ஏற்றிவிட்டால் வாசலிலும் சோதனையிலும் முகத்தைக் காட்டிப் போகலாம். உள்நாட்டுப் பயணத்துக்கானது அது. ஷார்ஜா விமானத்துக்கு அதை நம்பி யாரும் வர வேண்டாம்.

போனை நம்பிப் போகிறவர்களுக்கு நம் கரையில் ஒரு தொல்லை உண்டு, தூரம். ராமேஸ்வரத்திலிருந்தோ கீழக்கரையிலிருந்தோ மதுரை விமான நிலையத்துக்கே மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். திருச்சிக்குத் தேவகோட்டை, காரைக்குடி, புதுக்கோட்டை வழியாக நாலு மணி நேரம். 2025 தமிழக பட்ஜெட்டில் ராமேஸ்வரத்துக்கு விமான நிலையம் என்று அறிவித்திருக்கிறார்கள், வரட்டும். அதுவரை, சென்னையில் இருப்பவர் போன் சார்ஜ் இல்லையென்றால் வீட்டுக்குத் திரும்பி ஓடலாம், நாம் ஓட முடியாது. வழியெல்லாம் மேப் ஓடும், பாட்டு ஓடும், பின்சீட்டில் பிள்ளை வீடியோ பார்ப்பான். தனுஷ்கோடி வரை போய்விட்டு அப்படியே மதுரைக்கு வண்டி ஏறுகிற வடநாட்டு யாத்ரீகர்கள் பலர் கேட் வாசலில் சார்ஜர் தேடுவதைப் பார்க்கலாம். ஆகவே வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே பாஸைத் தரவிறக்கி, நெட் இல்லாமல் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் ஸ்கேனர் படிக்கும். ஆனால் பிறகு சீட் மாறினால் பழைய படத்தைக் காட்டிக்கொண்டு நிற்பீர்கள். திரை வெளிச்சத்தை முழுதாக ஏற்றுங்கள். கண்ணாடி விரிசல் விட்ட போன் என்றால் மரியாதையாகக் காகிதம். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், லக்கேஜில் போட்டால் எடுத்து வெளியே வைப்பார்கள்; 100 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும். 20,000 எம்ஏஎச் என்று போட்டிருப்பது ஏறக்குறைய 74 வாட்-மணி, அது தாராளமாகப் போகும்.

இறங்கிய பிறகு அட்டை எதற்கு என்று அப்படியே சீட் பையில் விட்டுவிட்டு வருகிறார்கள். விடக்கூடாது. கவுன்டரில் லக்கேஜுக்கு ஒட்டுகிற டேக்கின் சிறு துண்டைப் பெரும்பாலும் அந்த அட்டையின் பின்னால்தான் ஒட்டித் தருவார்கள். பெட்டி வரவில்லை, உடைந்து வந்தது என்றால் அந்த எண்தான் ஆதாரம். வெளியே வருவதற்கு முன்பே லக்கேஜ் பட்டை இருக்கும் கூடத்திலேயே விமான நிறுவன ஆளிடம் புகார் எழுதி அதற்கான எண்ணை வாங்க வேண்டும். மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி சேதத்துக்கு 7 நாளுக்குள், தாமதமாக வந்த பெட்டிக்கு 21 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். உம்மா கட்டிக் கொண்டுவருகிற பெட்டியில் தொதலும் கருவாடும் வருமென்றால் 21 நாள் பொறுக்காது, அது வேறு விஷயம்.

அட்டை வைத்திருக்க வேண்டியவர்கள் இன்னும் உண்டு. எல்டிசி என்கிற விடுப்புப் பயணச் சலுகையில் போகிற அரசு ஊழியர்கள், கம்பெனிக் காசில் பறக்கிறவர்கள், விமானப் பயணப் புள்ளிகள் விட்டுப்போய் பின்னால் கேட்கிறவர்கள். வருமான வரிக்காக இந்தியாவில் எத்தனை நாள் இருந்தோம் என்று கணக்குக் காட்ட வேண்டிய உங்களைப் போன்றவர்களுக்கும் பயன்படும். முன்பு பாஸ்போர்ட்டில் முத்திரையைப் புரட்டி எண்ணினோம். இப்போது அமீரகத்தில் ஸ்மார்ட் கேட், இங்கே திருச்சியிலும் பதிவு செய்தவர்களுக்கு வேக இமிகிரேஷன் வாசல் வந்துவிட்டது. முத்திரை குறையக் குறைய, பாஸ்கள் துணைச் சான்றாகிவிடுகின்றன.

ஆனால் வைக்கிற விதம் தெரிய வேண்டும். கவுன்டர் அட்டை வெப்பத்தால் எழுத்து தோன்றுகிற தாள். மை கிடையாது. வெயிலில் காருக்குள் விட்டால் வெளுக்கும், கறுக்கும். பீரோவில் வைத்தாலும் நாளடைவில் எழுத்து மங்கும். பத்திரப்படுத்துவதாக நினைத்து லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோனால் சூடு பட்டு முழு அட்டையும் கறுத்துவிடும். ஜெராக்ஸ் எடுங்கள் அல்லது இறங்கிய அன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படம் எடுத்தால் அது உங்களோடு இருக்கட்டும். முதல் விமானப் பயணம், வாப்பா அட்டையைப் பிடித்தபடி சிரிக்கிற படத்தை ஸ்டேட்டஸில் போடாமல் இருக்க மனம் வராது, புரிகிறது. பிஎன்ஆரும் பெயரும் இருந்தால் பல நிறுவனங்களின் தளத்தில் அந்த முன்பதிவைத் திறந்துவிடலாம். பிஎன்ஆரை விரலால் மறைத்தாலும் புள்ளிக்கோட்டில் அது இருக்கிறதே, அதைப் படிக்கச் சாதாரணச் செயலி போதும். ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபாட் 2020இல் இன்ஸ்டாகிராமில் தன் போர்டிங் பாஸ் படத்தைப் போட்டார். அதை வைத்து ஒருவர் அவருடைய பாஸ்போர்ட் எண்ணையும் போன் எண்ணையும் கண்டுபிடித்துவிட்டார். திரும்பும் டிக்கெட்டும் அதே பிஎன்ஆரில் இருந்தால் அதையும் யாரோ தொட முடியும். சிரிப்பை மட்டும் போடுங்கள், அட்டையைக் கவிழ்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, வாப்பாவுக்கு முழங்கால் வலி என்று எழுதியிருந்தீர்கள். சக்கர நாற்காலியைப் புறப்படுவதற்கு இரண்டு நாளாவது முன்பே முன்பதிவில் சேர்த்துவிடுங்கள். கவுன்டரில் சொன்னால் ஆள் வருவார். பாதுகாப்புச் சோதனை, இமிகிரேஷன், கேட் என்று அவரே தள்ளிக்கொண்டு போவார், பாஸையும் பாஸ்போர்ட்டையும் அங்கங்கே வாங்கிக் காட்டித் திருப்பிக் கொடுப்பார். அவரிடம் போனைக் கொடுத்தால் நடுவில் லாக் விழும், திறக்க வாப்பாவின் விரல் வேண்டும். கூடவே உம்மாவையும் அதே ஆளோடு நடந்து வரச் சொல்லுங்கள். கவுன்டர் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும், சில நிறுவனங்கள் 75 நிமிடம் என்று வைத்திருக்கின்றன. நாற்காலிக்கு ஆள் வரத் தாமதமாகும் என்பதால் மூன்று மணி நேரம் முன்பே திருச்சியில் இறங்குகிற மாதிரி கீழக்கரையில் வண்டி எடுக்கச் சொல்லுங்கள். புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்தால் திருச்சி ஊருக்குள் போகத் தேவையில்லை, விமான நிலையம் அந்தச் சாலையிலேயே முன்னால் வந்துவிடும்.